எட்டாவது முதல் நாற்று

குற்றாலத்தில் சாரல் விழுந்தால்தான் தென்காசி வட்டாரத்து ஏழைகளுக்குப் பசிக்கும் என்பது பசித்தோர் புரவலர் கூட்டுப் பயிர்ச் சபையின் கண்டுபிடிப்பு. ஆனி பிறந்து, அருவியில் தண்ணீர் விழுகிறது என்று தந்தி கிடைத்ததும் சபையின் அங்கத்தினர்கள் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் சமையல்காரர், சீட்டுக்கட்டு, எண்ணெய்ப் புட்டி சகிதமாக ஏழைகளின் பசியைத் தீர்க்க வந்து இறங்குவார்கள். ஆவணியில் அருவி மெலிந்ததும் பசியும் தீர்ந்துவிடும். காரியாலய பங்களாவைப் பூட்டிச் சாவியைக் காவல்காரனிடம் கொடுத்துவிட்டு ஊர் திரும்புவார்கள். மார்கழியிலோ மாசியிலோ யாராவது பசித்துக் கிடந்தால் அது சபை விதிகளுக்கு விரோதமான பசி.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பர்மா அரிசி நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே சிற்றாற்றங்கரையில் பதினொரு குடிசைகள். அங்கே அடுப்பு எரிவதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் நாள் விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டும். எரிந்தாலும் உள்ளே வேகிறது கீரையாகவோ மலையில் தோண்டிய வள்ளிக்கிழங்காகவோ இருக்கும். அந்தப் பதினொரு குடிசையில் ஒன்று பிச்சையாவினுடையது. வயசு நாற்பத்தைந்து. வயல் வேலை தவிர வேறொன்றும் தெரியாது. பெரிய மனிதர்கள் ஒன்றைச் சொன்னால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கும், நமக்குத்தான் எட்டவில்லை என்று முழு மனசோடு நம்புகிற ஆள். அவன் சம்சாரம் வடிவம்மாளுக்கு அந்த வியாதி கிடையாது.

ஆனி முதல் வாரத்தில் சபையின் காரியதரிசி ஆறுமுகநயினார் பிள்ளை காரில் வந்து குடிசைகளுக்கு முன்னால் இறங்கினார். முப்பது வருஷம் தாசில் பண்ணி ரிட்டயர் ஆனவர். ஆற்றில் அடித்துக்கொண்டு போன நிலத்துக்கும் தீர்வை வசூலித்துக் காட்டியவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. நாற்காலி போட்டார்கள். உட்காராமலே பேசினார்.

“இனிமேல் உங்களுக்குப் பிச்சை கிடையாது.”

இதுவரைக்கும் யாரும் போட்டதில்லை என்பதால் ஒருவருக்கும் வருத்தமில்லை.

“கூட்டா உழைக்கணும். சபைத் தலைவர் தம்முடைய வயலை, ஒரு கோட்டை நெல்லு விதைக்கிற நிலம், தருமமா விட்டிருக்காங்க. நாற்று நாங்க தாரோம். நடுறது, களை எடுக்கிறது, அறுக்கிறது எல்லாம் நீங்க. விளைஞ்சதுல பாதி உங்க பதினொரு வீட்டுக்கு. மறுபாதி அடுத்த போகத்துக்கு. இப்படியே போனா பத்து வருஷத்துல இந்தத் தாலுகாவுல பசிங்கிற வார்த்தையே இருக்காது.”

பிச்சையா மனசுக்குள் கணக்குப் போட்டான். ஆனியில் நட்டால் கார் போகத்து நெல் புரட்டாசியில் வீட்டுக்கு வரும். அவன் மகள் பாலம்மாளைச் சுரண்டையில் கட்டிக்கொடுத்திருந்தான். அவளுக்குத் தலைப்பிள்ளை. அதுவும் புரட்டாசியில்தான். நெல்லும் பிள்ளையும் ஒரே மாசத்தில். பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் நெல்லுச்சோறு போட வேண்டும் என்று நினைத்து நினைத்து வைகாசி முழுக்கத் தூங்காமல் கிடந்தவன், அன்றைக்கு நின்ற வாக்கிலேயே காரியதரிசியைக் கும்பிட்டான்.

வயல் கொஞ்சம் மேட்டில் இருந்தது. மடைத் தண்ணீர் அதில் ஏறுவதற்கு யோசிக்கும். வாய்க்காலை ஒட்டிய வயல் ஒன்றும் தலைவருக்கு இருந்தது. ஆனால் அங்கே கார் போகாது. மேட்டு வயலோ ரோட்டோரம். கார் வந்து, நின்று, திரும்பிப் போக இடமுண்டு. ஆகவே தருமத்துக்கு அதுவே தோது என்று சபையில் ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

விஷயம் கேள்விப்பட்டுத் தென்காசி அரிசி மண்டி அகமது கபீர் ஐந்து மூட்டை அரிசியை வண்டியில் போட்டுக்கொண்டு பங்களாவுக்கே வந்தார். பிச்சையா அப்போது அங்கே முற்றத்தில் புல் செதுக்கிக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி, நெல்லு விளையுறதுக்கு மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் அந்த சனங்க எதைத் தின்னும்? தினம் ஒரு வேளை கஞ்சி காச்சி ஊத்துங்க.”

ஆறுமுகநயினார் பிள்ளை அவரை இரக்கத்தோடு பார்த்தார். “முதலாளி, நீங்க வியாபாரி. உங்களுக்கு இதுல உள்ள தத்துவம் பிடிபடாது. நாங்க பசியை ஒழிக்க வந்திருக்கோம். பசிச்சவனுக்குச் சோறு போட வரலை.”

“ரெண்டும் ஒண்ணுதானே அண்ணாச்சி?”

“அதான் சொன்னேன், பிடிபடாதுன்னு. சும்மா ஊத்தினா சோம்பேறி ஆயிருவான். நடுகை அன்னைக்கு மட்டும் ஊத்துவோம். உழைப்புக்கும் கஞ்சிக்கும் உள்ள சம்பந்தம் மனசுல பதியணும்.”

கபீர் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனார். பிச்சையாவுக்கும் தத்துவம் பிடிபடவில்லை. இருந்தாலும் மூட்டையை உள்ளே தூக்கிப் போட்டவன் அவன்தான்.

நடுகை நாள் வந்தது. கைராசியுள்ள ஒருவர் வயலின் ஈசான மூலையில் முதல் நாற்றை ஊன்றுவதும், பெண்கள் குலவையிடுவதும், அதற்கப்புறம் மற்றவர்கள் வயலில் இறங்குவதும் அந்தப் பக்கத்து வழக்கம். முதல் நாற்றைத் தலைவரே நட்டார். ஜிப்பா கையை இரண்டு பேர் மடித்துவிட, ஒருவர் குடை பிடிக்க, ஒருவர் நாற்றைக் கொடுக்க, தலைவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரக் கொஞ்சம் தாமதமானதால் குலவை நீண்டுகொண்டே போயிற்று. ஏசுவடியான் என்ற விவசாய டெமான்ஸ்ட்ரேட்டர் காக்கி அரை நிஜாரோடு கயிறு பிடித்து, அரையடி இடைவெளிக்கு ஒரு முடிச்சு போட்டுக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் வயல் பச்சையாயிற்று. பதினொரு வீட்டாரும் துவையல் தொட்டுக்கொண்டு வயிறாரக் கஞ்சி குடித்தார்கள்.

மறுநாளே பிச்சையா சுரண்டைக்கு நடந்தான். சம்பந்தகாரி மூக்கம்மாளுக்கு முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல்தடவையாக நெஞ்சை நிமிர்த்திப் பேசினான்.

“மகளைக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கேன் மைனி. தலைப்பிள்ளை ஆத்தா வீட்டுல பொறக்கணும்லா. வயலு நட்டாச்சி. எம் பிள்ளைக்கு எஞ் சோறு.”

நாள் பார்த்து, ஒரு வாரம் கழித்து, பாலம்மாள் ஏழாம் மாசத்து வயிற்றோடு வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாக வயலைத்தான் பார்க்கப் போனாள். பயிர் வேர் பிடித்துப் பச்சை திரும்பியிருந்தது. “அய்யா, இதுல எந்தப் பக்கம் நம்மது?” என்று கேட்டாள். “எல்லாம் எல்லாருக்கும்டி தாயி” என்றான் பிச்சையா. அதைச் சொல்ல அவனுக்கே பெருமையாக இருந்தது.

பத்தாம் நாள் காலையில் காரியதரிசி காரிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

“ஏலே பிச்சையா, நாளைக்கு மதுரையிலிருந்து ஜட்ஜ் அய்யா வாராங்க. முதல் நாற்று நடப்போறாங்க. வயலைச் சுத்தமா வை.”

“வயலு நட்டாச்சே எசமான்.”

“தெரியும். பிடுங்கிரு.”

பிச்சையா காதைத் தேய்த்துக்கொண்டான். பிள்ளை பொறுமையாக விளக்கினார். ஜட்ஜ் பெரிய நன்கொடை தந்திருக்கிறார். நன்கொடை தருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாற்று நடுகிற கௌரவம் உண்டென்று சபை எழுத்து மூலமாக வாக்குக் கொடுத்திருக்கிறது.

“அப்போ ஈசான மூலையில ஒரு பாத்தி மட்டும் காலி பண்ணி விடுதேன் எசமான். வாரவுக எல்லாம் அங்கன நடட்டும். மத்த பயிரு பொழைச்சுக்கிடும்.”

பிள்ளையின் முகம் சிவந்தது. “பக்கத்துல பச்சைப் பயிரு நிக்கும்போது நடுறது முதல் நாற்றா? பொய் சொல்லச் சொல்லுதியா? அதுவும் ஒரு ஜட்ஜுகிட்ட? இத்தனை வருஷ உத்தியோகத்துல நான் ஒரு பொய் சொன்னதில்லை. இது சத்தியத்துல நடக்குற சபை. பிடுங்கு.”

பிடுங்கினார்கள். முடி முடியாகக் கட்டி வாய்க்கால் தண்ணீரில் வைத்தார்கள். மறுநாள் ஜட்ஜ் வந்தார், நட்டார், போனார். அதே நாற்றை அதே வயலில் திரும்ப நட்டார்கள். கஞ்சி ஊற்றினார்கள். பிச்சையா தன் பங்கைக் கலயத்தில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்து, தான் வயலிலேயே குடித்துவிட்டதாகச் சொன்னான்.

வடிவம்மாள் அன்றைக்குக் கேட்டாள். “நட்டாலும் கஞ்சி, பிடுங்கி நட்டாலும் கஞ்சி. அறுத்தா என்ன ஊத்துவாகளாம்?”

“ஏட்டி, படிச்சவுக யோசிச்சிருப்பாக.”

“யோசிச்சுத்தான் பிடுங்குதாக.”

அடுத்த வாரம் மலைமேலே தேயிலைத் தோட்டத்துத் துரைசாணி வந்தாள். சேறு காலில் படாமல் இருக்க வயலுக்குள்ளே பலகை போட்டு, அதன்மேல் சோபா போட்டார்கள். உட்கார்ந்தபடியே துரைசாணி முதல் நாற்றை வேர் மேலே இருக்கும்படி, நுனியைச் சேற்றுக்குள் சொருகினாள். அவளைத் திருத்துவது மரியாதையாக இராது என்று காரியதரிசி காதோடு காதாகச் சொல்ல, அந்த வரிசை முழுவதையும் பெண்கள் தலைகீழாகவே நட்டு முடித்தார்கள். துரைசாணி கை தட்டினாள். கார் திரும்பி மறைந்ததும் பிச்சையா ஓடிப்போய் ஒவ்வொன்றாகத் திருப்பி ஊன்றினான். இடுப்பு நிமிர இரண்டு நாள் ஆயிற்று.

நாலாவதாக ஒரு பஞ்சாலை முதலாளி. குற்றாலத்தில் வந்து இறங்கியதும் எண்ணெய்ப் பலகையில் படுத்தவர், எட்டு நாளாக எழுந்திருக்கவில்லை. இரண்டு ஆட்கள் முறை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர் வயலுக்கு வரமாட்டார் என்றால் வயல் அவரிடம் போக வேண்டியதுதானே. பதினொரு வீட்டுப் பெண்களும் கூடை கூடையாகச் சேற்றைச் சுமந்து இரண்டு மைல் நடந்து, பங்களாத் தாழ்வாரத்தில் கொட்டி, வரப்புக் கட்டி, தண்ணீர் விட்டார்கள். முதலாளி குப்புறப் படுத்த நிலையிலேயே ஒரு கையை நீட்டி, எண்ணெய் சொட்டச் சொட்ட முதல் நாற்றை நட்டார். குலவை கேட்டுப் பக்கத்து பங்களாவில் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டார்கள். “கிராமத்து ஜனங்களோட கலந்து பழகினாத்தான் இந்தியாவைப் புரிஞ்சுக்க முடியும்” என்று முதலாளி தலையணைக்குள் சொன்னார். அதைக் காரியதரிசி எழுதிக்கொண்டார். பங்களாவில் நட்டது பங்களாவில்தானே, வயலில் இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும் என்று பிச்சையா நம்பியிருந்தான். ஆனால் அதே சமயத்தில் வயலில் பயிர் நின்றால் இது முதல் நாற்று ஆகாது என்ற சத்தியம் குறுக்கே வந்தது. வயலிலும் பிடுங்கினார்கள்.

பிச்சையா ஏசுவடியானை வரப்பில் மடக்கினான்.

“சார்வாள், நீங்க இதுக்குன்னே படிச்சவுக. இந்தப் பயிரு தாங்குமா?”

“தாங்காது வே.”

“அதை எழுதப்பிடாதா?”

ஏசுவடியான் தோல்பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினார். “எழுதியிருக்கேன் பாரும். பயிரின் வயது ஒரு நாள். பொய்யா? நேத்துத்தான நட்டோம்.”

“போன தரமும் ஒரு நாளுன்னுதான எழுதுனீக.”

“போன தரமும் அது உண்மைதான்.” அவர் நோட்டை மூடினார். “எனக்கு வீட்டுல அஞ்சு உருப்படி இருக்கு பிச்சையா. இந்த உத்தியோகம் போச்சுன்னா உம்ம குடிசைக்குப் பக்கத்துல பன்னிரண்டாவது குடிசை நாந்தான் போடணும்.”

அவருடைய அறிக்கைகளை வரிசையாகப் படித்துப் பார்த்த சபை, ஒரு மாசத்துக்கு மேலாகியும் பயிர் இளமை குன்றாமல் இருப்பதைக் கண்டு மகிழ்ந்து அவருக்குப் பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது என்று ஆடியில் சாரல் ஓங்க ஓங்க முதல் நாற்றுகளும் ஓங்கின. நாற்று நடுவதற்கு முன்னால் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசியவர் ஒருவர். அவர் முடிக்கும்போது கையிலிருந்த நாற்று வாடி வளைந்து அவருக்கே கும்பிடு போட்டது. அட்டைக்குப் பயந்து காரின் ஜன்னல் வழியாகவே நாற்றை வயலுக்குள் எறிந்தவர் ஒருவர். ஒவ்வொரு தரமும் பிடுங்கியதில் கொஞ்சம் வேர் அறுந்தது, கொஞ்சம் அழுகியது. பயிர் முட்டளவு உயர வேண்டிய காலத்தில் சாண் உயரத்தில் மஞ்சளித்து நின்றது. ஒரு நடுகைக்கும் அடுத்த நடுகைக்கும் நடுவிலுள்ள நாட்களில் பதினொரு வீட்டாரும் கீரை அவித்துத் தின்றார்கள். அப்புறம் கீரையும் அருகிப் போயிற்று. பாலம்மாளுக்குக் கை கால் மெலிந்து வயிறு மட்டும் வளர்ந்தது.

எட்டாவதாக ஒரு வைர வியாபாரி வருவதாகச் சேதி வந்தபோது, பதினொரு வீட்டாரும் ஆற்றங்கரையில் கூடினார்கள். பேசியவன் பிச்சையா. அவன் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

“இந்தத் தரம் பிடுங்க வேண்டாம். ஏழாந் தரம் நட்டது தப்பிப் பொழைச்சு வேரு விட்டிருக்கு, நான் தோண்டிப் பார்த்தேன். இப்போ விட்டுட்டா அரைவாசியாவது தேறும். இன்னொரு தரம் கை வச்சா வைக்கோலுக்கும் ஆவாது. நம்ம நெல்லு. நாமளே பிடுங்கப்பிடாது.”

ஒருவரும் மறுக்கவில்லை. வடிவம்மாளே புருஷனைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் எல்லோரும் வரப்பில் போய் நின்றார்கள். ஒருவரும் வயலில் இறங்கவில்லை. கஞ்சிப் பானை ஏற்கெனவே அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. காற்று மலைப்பக்கமிருந்து பானையைத் தொட்டுக்கொண்டு வரப்புக்கு வந்தது. ஆறுமுகநயினார் பிள்ளை கோபப்படவே இல்லை.

“நான் யாரையும் கட்டாயப்படுத்தலை. இது கூட்டுப் பண்ணை. உங்க வயலு, உங்க இஷ்டம். நடுகை உண்டுன்னா கஞ்சி உண்டு. இல்லைன்னா பானையைக் கவுத்துட்டுப் போயிருதோம். யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்லை.”

அவசரமில்லாமல் நேரம் போயிற்று. யாரோ ஒரு பிள்ளை அழுதது. பாலம்மாள் வரப்பில் ஒரு கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக அவள் வயிற்றில் தண்ணீர்தான். அவள் வயலைப் பார்க்கவில்லை. அப்பனையும் பார்க்கவில்லை. பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் அப்படிப் பார்ப்பது அவளுக்கே தெரியாது.

பிச்சையா வயலில் இறங்கினான். முதல் நாற்றை அவன்தான் பிடுங்கினான். புது வேர், பால் பல் மாதிரி வெள்ளையாக, சேற்றோடு வந்தது. அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள். வடிவம்மாள் வந்து பக்கத்தில் குனிந்து நாற்றை முடி கட்டினாள். வைர வியாபாரி பத்து மணிக்கு வந்து, எட்டாவது முதல் நாற்றை நட்டு, ரோமத்தைப் போலக் கையில் ஒட்டிக்கொண்ட வேர் நூலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போனார்.

சாரல் நின்றது. பங்களாவைப் பூட்டினார்கள்.

ஆவணி முழுவதும் பிச்சையா அந்த வயலிலேயே கிடந்தான். களை பறித்தான். தண்ணீர் ஏறாத மேட்டுக்குக் கலயத்தால் மொண்டு ஊற்றினான். பயிர் அவனுக்காக இரக்கப்பட்டது போல அங்கொன்றும் இங்கொன்றும் கதிர் விட்டது. உருவிப் பார்த்தால் பதர்.

புரட்டாசி முதல் வாரத்தில் வழக்கத்துக்கு மாறாக பங்களா திறந்தது. சபையின் புரவலரான சென்னைப் பெரியவர் ஒருவர் அறுவடை விழாவுக்கு வருகிறாராம். காரியதரிசி வயலைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

“என்னலே இது?”

“எட்டுத் தரம் நட்ட பயிரு எசமான்.”

“எட்டுத் தரம் நட்டா எட்டு மடங்கு விளையணும்லா? உங்க சோம்பேறித்தனத்துக்கு அளவே இல்லையா?”

அவர் மனம் தளரவில்லை. அச்சன்புதூர் மிராசுதார் ஒருவரிடமிருந்து அறுத்த நெற்கதிர்க் கட்டுகளை இரண்டு வண்டியில் இரவல் வாங்கி வந்தார். ஏசுவடியான் கயிறு பிடித்தார். பதினொரு வீட்டாரும் வயலில் இறங்கி, பதராய் நின்றதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முற்றித் தலைசாய்ந்த கதிர்களை அரையடிக்கு ஒன்றாகச் சேற்றில் ஊன்றினார்கள். விளைந்த நெல்லை நட்ட ஆட்கள் உலகத்தில் அவர்கள் மட்டுந்தான் இருக்க முடியும். ஊன்றும்போது கதிர் கனத்தது. பிச்சையாவின் உள்ளங்கையில் நெல் உரசியது. மூன்று மாசமாக அவன் கனவில் பார்த்த நெல், இந்தக் கையிலிருந்து சேற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏசுவடியான் நோட்டை எடுத்தார். பயிரின் வயது ஒரு நாள் என்று எழுதினார்.

பெரியவர் வந்து வெள்ளிப் பிடி போட்ட அரிவாளால் ஒரு கதிரை அறுத்தார். அறுப்பதற்குள் அது வேரில்லாமல் கையோடு வந்துவிட்டது. “பூமி எவ்வளவு இளகிய மனசோடு கொடுக்கிறது, பாருங்கள்” என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். பிறகு வரிசையாக நின்ற ஜனங்களைப் பார்வையிட்டார். அவருக்குக் கண் மங்கல். கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தவர், பாலம்மாளின் முன்னால் நின்றார். ஒன்பதாம் மாசம் அவளுக்கு.

“இதோ,” என்றார் பெரியவர், குரல் தழுதழுத்து. “வயிறு நிறைஞ்ச ஒரு பெண்ணை இந்த ஜில்லாவிலே இன்னைக்குத்தான் பார்க்கிறேன். இந்த வயிறு நம்ம சபையின் வெற்றி.”

கை தட்டினார்கள். காரியதரிசிக்கு விஷயம் தெரியும். ஏசுவடியானுக்கும் தெரியும். இருவரும் சேர்ந்தே தட்டினார்கள். பாலம்மாள் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.

பசி நீங்கிய குடியிருப்பு என்று அச்சடித்து முத்திரை குத்திய ஒரு பத்திரத்தைப் பெரியவர் பிச்சையாவின் கையில் கொடுத்தார். அவர் போனதும் ஊன்றிய கதிர்களையெல்லாம் பிடுங்கி அலசி வண்டியில் ஏற்றினார்கள். இரவல் பொருள் ஒரு நெல்மணி குறையக்கூடாது என்று பிள்ளை நின்று பார்த்துக்கொண்டார்.

“எசமான், இனிமே கஞ்சி?” என்று வடிவம்மாள் கேட்டாள்.

“பத்திரம் வாங்கியாச்சேம்மா. பசி நீங்கின இடத்துல கஞ்சி ஊத்தினா அந்தப் பத்திரம் பொய்யாயிருமே. நான் அதுக்கு உடந்தையா இருக்க முடியாது.”

எட்டுத் தரம் மிதிபட்டதில் மேட்டு வயல் சந்தனம் மாதிரி குழைந்திருந்தது. அடுத்து வருகிற பிசான போகத்துக்கு இதைவிடப் பக்குவமான வயல் தாலுகாவில் இல்லை என்று கண்டுகொண்ட தலைவர் அதைத் தாமே திரும்ப எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் வடிவம்மாள் மகளுக்குத் தலை வாரிவிட்டாள். பின்னலை முடிக்க வெகு நேரம் ஆயிற்று. “சுரண்டையில கூழாவது இருக்கும்” என்று புருஷனிடம் சொன்னாள். தலைப்பிள்ளைக்கு வந்தவளை, பிள்ளை பெறுமுன்னே திருப்பிக் கொண்டுவிடுகிற வீடு அந்தப் பக்கத்தில் அதுவரை இருந்ததில்லை.

அகமது கபீரின் வண்டி சுரண்டைச் சந்தைக்குப் போகிற நாள் அது. பாலம்மாள் நடந்து வருவதைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வண்டியில் வைக்கோலைப் பரத்திவிட்டார்.

“ஏறும்மா. பிச்சையா, நான் கொடுத்த அரிசி கஞ்சியா வந்துச்சா உங்களுக்கு?”

“வந்துச்சு முதலாளி. எட்டு நாளு.”

அவர் இன்னும் கொஞ்சம் வைக்கோலை இழுத்துப் பரத்தினார். வண்டிக்காரனிடம், பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டு என்று மட்டும் சொன்னார்.

சுரண்டையில் மூக்கம்மாள் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து இறங்குகிற மருமகளைப் பார்த்தாள். கையிலிருந்த சுளகு நின்றது.

“என்ன அண்ணாச்சி இது? ஆத்தா வீட்டுலதான் பொறக்கணும்னு பெரிய பேச்சுப் பேசிக் கூட்டிட்டுப் போனீரு. மாசம் நெருங்குதப்போ கொண்டாந்து விடுதீரே. ஊரு சனம் என்ன கேக்கும்? ஏட்டி பாலம்மா, என்னட்டி நடந்துச்சு?”

பாலம்மாள் தரையைப் பார்த்தாள். எட்டுத் தரம் நட்டதையும் பிடுங்கியதையும் சொன்னால் யார் நம்புவார்கள்? பிச்சையா மடியிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினான்.

“என்னது?”

“எங்க ஊருல பசி இல்லேன்னு எழுதிக் கொடுத்திருக்காக, மைனி.”

மூக்கம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைக் கொடுத்தவனைப் பார்த்தாள். கழுத்தெலும்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் பார்த்தாள். காகிதத்தை மடித்து அவன் கையிலேயே திரும்ப வைத்தாள்.

“நீ உள்ள போ தாயி, பாயி விரிச்சிருக்கு,” என்றாள் மருமகளிடம். “அண்ணாச்சி, நீரும் உக்காரும்.”

“இல்ல மைனி, வண்டி நிக்கி.”

“வண்டி நிக்கட்டும்.”

சட்டியில் கேப்பைக் கூழும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்தாள். பிச்சையா குனிந்த தலை நிமிராமல் குடித்தான். சட்டி காலியாயிற்று. அவள் கேட்காமல் ஊற்றினாள். அதையும் குடித்தான். மூன்றாம் தரம் ஊற்றும்போது வேண்டாம் என்று கையை நீட்டி மறைக்கப் போனான். நீட்டிய கை சட்டியை மறைக்காமல் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. நிலைப்படியில் நின்றுகொண்டிருந்த பாலம்மாள், அப்பன் இப்படிச் சாப்பிட்டுத் தான் பார்த்தே மூன்று மாசம் ஆகிறது என்பதை அப்போதுதான் உணர்ந்தாள். மெதுவாக அடுப்படிப் பக்கம் போய் முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டாள். வெளியே அப்பன் சட்டியை விரலால் சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.